தகரக் கோழியை விழுத்துவது எப்படி? முதல் கெற்றப்போல் போட்டிக்கு இறங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

உலோக உருவப் போட்டி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றை 50, 100, 150, 200 மீற்றரில் வரிசையாக நிறுத்தி, கைத்துப்பாக்கியால் ஒவ்வொன்றாகச் சுட்டு விழுத்துவார்கள். துப்பாக்கி நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருள். வன்னியில் அதன் பக்கம் போகவேண்டிய தேவையும் நமக்கு இல்லை. ஆனால் அந்தப் போட்டியின் விதிகள் அருமையானவை, அவற்றை அப்படியே எடுத்துத் தூரத்தை மட்டும் சுருக்கிக் கெற்றப்போலுக்கு (உண்டிவில்) வைத்தால் ஊர் விளையாட்டுக் கழகமே நடத்தக்கூடிய நல்ல போட்டி ஒன்று கிடைக்கும். அப்படி நடத்தியும் அடித்தும் பழகியதில், புதிதாக வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் குறி தெரியாமல் தோற்பதில்லை. வேலியில் வைத்த ரின்னை ஆறுதலாக அடித்துப் பழகிவிட்டு, ஐந்து உருவம், இரண்டு நிமிடம், நாலு தூரம் என்ற போட்டிக்கு வந்து நிற்பதால்தான் தோற்கிறார்கள். அதனால் ஒழுங்கு முக்கியம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. விதியை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

நாலு வகை உருவம், வகைக்கு ஐந்து, மொத்தம் இருபது தடவை அடிக்க வேண்டும். கோழி கிட்டத்தில், கடா தூரத்தில். நாங்கள் வைக்கும் தூரம் கோழிக்கு 7 மீற்றர், பன்றிக்கு 10, வான்கோழிக்கு 13, கடாவுக்கு 16. சைக்கிள் ரியூப் வாரோடு வருகிறவர்களுக்கு இதைவிடத் தூரம் வைத்தால் ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமாகிவிடும்.

ஆயத்தத்துக்கு 30 செக்கன். அதன்பின் ஐந்து உருவத்துக்கும் சேர்த்து 2 நிமிடம். துப்பாக்கிப் போட்டியிலும் இதே நேரம்தான்.

இடமிருந்து வலமாக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி. இரண்டாவது கோழி விழவில்லையா, அதை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போகவேண்டும். புதியவர்கள் அநேகமாக இங்கேதான் புள்ளியைப் பறிகொடுக்கிறார்கள். விழாத கோழியைப் பார்த்தவுடன் ரோசம் வந்து அதற்கே திரும்ப அடிக்கிறார்கள், அது விழுந்தும் விடுகிறது, ஆனால் அந்த அடி மூன்றாவது கோழிக்கு உரியது என்பதால் பிழை என்றே பதிவாகும். ஒரு தவறு இரண்டாகிவிடும்.

அடுத்த விதி: விழுந்தால்தான் புள்ளி. 'டிங்' என்று சத்தம் கேட்டு உருவம் ஆடி, திரும்பி, பின் நின்றுவிட்டால் பூச்சியம். வெறுமனே படுவது போதாது, விழுத்தும் இடத்தில் படவேண்டும். இதை இப்போதே மனதில் ஏற்றினால்தான் பிறகு எங்கே குறி வைப்பது என்பது விளங்கும்.

2. இடத்தைத் தெரிவு செய்தல்

கெற்றப்போலைக் கையில் எடுக்க முன்னர் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

அடிக்கும் திசை வடக்குப் பார்த்து இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. கிழக்குப் பார்த்து வைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால், வான்கோழி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் அடிக்க வேண்டிவரும்.

உருவங்களுக்குப் பின்னால் தறப்பாள் ஒன்றைத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டக்கூடாது. மேலே மட்டும் கட்டி, கீழே தளர்வாக மடிந்து கிடக்க விடவேண்டும். தளர்வான தறப்பாளில் படும் களிமண் உருண்டை வேகம் முழுவதையும் இழந்து கீழே விழும், இறுக்கிக் கட்டியதில் பட்டால் திரும்பி வரும். தறப்பாளுக்குப் பின்னாலும் நெடுந்தூரம் வெளியாக இருக்கவேண்டும். குளக்கட்டை நோக்கி அடிப்பது நல்லது என்று சிலர் நினைப்பார்கள், வேண்டாம். கட்டில் எந்த நேரமும் ஆள் போகும், மாடு போகும், கட்டுக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்றும் நமக்குத் தெரியாது.

வன்னியில் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. மிதிவெடி அகற்றித் துப்புரவாக்கப்படாத காணிக்குள் இறங்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை நட்ட இடம் என்றில்லை, பற்றையாகக் கிடக்கும் எந்தப் பழைய காணியிலும் உருண்டை தேடப் போகக்கூடாது. தவறிய உருண்டையின் பெறுமதி ஒரு பிடி களிமண். விளையாட்டு மைதானம், வருடாவருடம் உழுத வயல், அடிக்கடி ஆட்கள் நடமாடும் வளவு, இவை போதும். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் வெறுமையாகக் கிடக்கும்போது காலை நேரம் காற்றும் அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கிவிட்டால் தறப்பாளும் நிற்காது, தகரக் கோழியும் தானாக விழும்.

3. உருண்டை

உருண்டையை ஏன் கெற்றப்போலுக்கு முன் செய்யச் சொல்கிறேன் என்றால், வாரின் அகலம், தோலின் (உருண்டையை வைத்து இழுக்கும் துண்டு) அளவு, குறி வைக்கும் உயரம் எல்லாமே உருண்டையின் பாரத்தைப் பொறுத்தவை. கெற்றப்போலை முதலில் கட்டிவிட்டுக் கையில் கிடைத்த கல்லை எல்லாம் போட்டு அடிப்பவருக்கு, ஏன் ஒரு அடி மேலேயும் அடுத்தது கீழேயும் போகிறது என்பது கடைசிவரை பிடிபடாது.

களிமண் உருண்டைதான் சரி. கண்ணாடிப் போளை இரும்பில் பட்டுச் சிதறும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் மைதானத்தில் அது கூடாது. சைக்கிள் போல்ஸ் போன்ற இரும்புக் குண்டு இரும்பில் பட்டால் அடித்தவரை நோக்கியே திரும்பி வரும், கண் போகும். கருங்கல்லும் அப்படித்தான். காய்ந்த களிமண் பட்டவுடன் தூளாகும், திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது.

சூளையில் சுடாதீர்கள். 'சுட்டால் பலம்' என்று நினைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. சுட்டது ஓட்டுத் துண்டு போல இறுகிவிடும், களிமண்ணைத் தெரிவு செய்த காரணமே போய்விடும்.

மண்ணைச் செங்கல் அரிகிற இடத்திலோ, சட்டி பானை செய்கிறவரிடமோ கேட்டு வாங்குங்கள், ஒரு வாளி போதும். நீங்களாக எங்காவது தோண்டாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். தோண்டுகிற இடத்தில் துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். புற்றுமண் நல்ல பசையுள்ள மண்தான், ஆனால் நாகதம்பிரானுக்குப் பொங்கிப் படைக்கும் ஊர்களில் புற்றை வெட்டுவது யாருக்கும் பிடிக்காது. பாம்பும் இருக்கலாம். விடுங்கள்.

மண்ணை ஓர் இரவு ஊறவிட்டுக் கல்லைப் பொறுக்கிப் பிசையுங்கள். அளவுக்குச் சோடா மூடி ஒன்றை எடுத்து, மண்ணை அதில் நிரப்பி, விளிம்போடு வழித்து, அதை உருட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே பாரமாக வரும். கண்ணளவில் உருட்டினால் வராது. முதலில் நிழலில் காயவையுங்கள், மேல்தோல் வெளிறிய பிறகு வெயிலில் போடுங்கள். நேரே வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் சீக்கிரம் சுருங்கி வெடிக்கும், வெடித்த உருண்டை பறக்கும்போதே பிரியும்.

காய்ந்ததும் ஒரு மட்டையில் இரண்டு ஓட்டை வெட்டுங்கள், ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது. பெரிய ஓட்டையில் போகாததையும் சிறிய ஓட்டையில் போவதையும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். நடுவில் நிற்பவை போட்டிக்கு. அவற்றை மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் வையுங்கள், பனியில் நனையக்கூடாது.

4. கெற்றப்போலைக் கட்டுதல்

கவர்த்தடிக்கு (இரண்டாகப் பிரியும் Y வடிவத் தடி) கொய்யா அல்லது புளி. பச்சையாக வெட்டிப் பட்டை உரித்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பச்சைத் தடியில் வாரைக் கட்டினால் காய்ந்து சுருங்கும்போது கட்டுத் தளரும், கவரும் கோணலாகும்.

வாருக்குச் சைக்கிள் ரியூப். இரண்டு வாரையும் ஒரே ரியூப்பின் ஒரே பகுதியில் பக்கம் பக்கமாக வெட்டவேண்டும். வெவ்வேறு இடத்தில் வெட்டினால் ஒன்று தடிப்பு, மற்றது மெல்லிசு, உருண்டை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கோளாறைக் கைப்பழக்கத்தால் சரிசெய்ய முயன்று நாளை வீணாக்குகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அகலம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில். நீளம், நீங்கள் கன்னம்வரை இழுக்கும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதைவிடக் குட்டையாக வைத்தால் வேகம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் கை நடுங்கும், வாரும் சீக்கிரம் அறும்.

கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பிளேட்டால் நிறுத்தி நிறுத்தி வெட்டினால் விளிம்பில் பல்லுப்பல்லாக நிற்கும், ஒவ்வொரு பல்லும் ஒரு கிழிசலின் தொடக்கம்.

கட்டுவதற்கும் ரியூப் நாடாதான். கம்பியும் நைலோன் நூலும் வாரை அறுத்துவிடும். தோலுக்குப் பழைய சப்பாத்தின் நாக்குப் பகுதி நன்றாக இருக்கும், மெல்லிசாகவும் வளைந்தும் கொடுக்கும்.

வாரைத் தோலோடு கட்டிய இடத்தை ஒவ்வொரு நாளும் பாருங்கள். வார் அறுந்தால் அநேகமாக அந்த இடத்தில்தான் அறும், அறுந்த முனை நேரே முகத்துக்கு வரும். அதனால் கண்ணாடி போடாமல் யாரும் கோட்டில் நிற்கக்கூடாது. வெல்டிங் கடைக்காரர் அரைக்கும்போது போடுகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் கண்ணாடி போதும். பார்க்க வந்து பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது வேண்டும்.

அதே ரியூப்பில் இன்னொரு சோடி வார் வெட்டிக் கட்டி, கொஞ்சம் அடித்துப் பழக்கி, பையில் வையுங்கள். புதிய வார் முதல் சில அடிகளில் விறைப்பாக இருக்கும், போட்டி நடுவே அதை மாட்டினால் குறி முழுவதும் மாறிவிடும்.

5. உருவங்களைச் செய்வித்தல்

இது நடத்துபவர்களுக்கு. வெல்டிங் கடையில் மிஞ்சிய துண்டுத் தகடு கேளுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புப் போதும். வயலில், காட்டில் கிடக்கும் பழைய இரும்பைப் பொறுக்கி வரவே வேண்டாம். எரிபொருள் இருந்த பீப்பாயை நீங்களாக அரைத்து வெட்டவும் வேண்டாம், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

கோழி 6 சென்ரிமீற்றர் உயரம், பன்றியும் ஏறக்குறைய அதே உயரம் ஆனால் நீளம் கூட, வான்கோழி 9, கடா 14 அளவில் வெட்டுவியுங்கள். அடியில் ஒரு சின்னத் தகடு பாதமாக ஒட்டியிருக்க வேண்டும். எல்லாப் பாதமும் ஒரே அகலம். ஒரு கடாவின் பாதம் மற்றதைவிட அரைச் சென்ரிமீற்றர் கூடினாலும் அது மட்டும் விழாமல் நிற்கும், பிறகு சண்டை வரும். விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள், நிமிர்த்தி வைக்கிற பிள்ளையின் கை வெட்டுப்படக்கூடாது.

நிறுத்துவதற்குப் பனஞ்சிலாகை ஒன்றை இரண்டு கட்டையின் மேல் கிடத்தி, தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் படுக்கவைத்து மட்டம் பாருங்கள். முன்பக்கம் சரிந்திருந்தால் பின்னால் விழுத்துவது கடினமாகிவிடும்.

6. ஒரே இழுவை

இனித்தான் அடித்தல். முதல் நாட்களில் உருவம் எதுவும் வேண்டாம், தறப்பாளில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து 7 மீற்றரில் நில்லுங்கள்.

பக்கவாட்டாக நின்று, கெற்றப்போல் பிடித்த கையை முழங்கை பூட்டாமல் நீட்டி, தோலை வாயின் ஓரம்வரை இழுங்கள். வாயோரம் பிடிக்காவிட்டால் கன்ன எலும்பு. எது என்றாலும் ஒரே இடம், ஒவ்வொரு முறையும். இழுவை இரண்டு விரல் குறைந்தாலும் வேகம் குறையும், வேகம் குறைந்தால் உருண்டை கீழே விழும். கிட்டத்தில் இது தெரியாது, கடாவுக்கு வரும்போதுதான் வெளிக்கும்.

கெற்றப்போலைப் படுக்கையாகப் பிடியுங்கள், ஒரு கவர் மேலேயும் ஒன்று கீழேயும் வரும்படி. வார் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும், அந்தக் கோட்டில் இடது வலது தானாகச் சரியாகும், மேல் கவரின் நுனியை வைத்து உயரம் பார்க்கலாம். நிமிர்த்திப் பிடித்து இரண்டு கவருக்கும் நடுவால் பார்க்கிறவர்களுக்கு உயரத்துக்கு அடையாளமே இல்லை.

விடும்போது விரலைத் திறந்தால் போதும். உதறக்கூடாது. தோலை முறுக்கிப் பிடித்தால் உருண்டை கவரிலேயே அடிபடும், பெருவிரலும் தப்பாது.

7. நாலு தூரம், நாலு குறி

உருண்டை விழும் அளவு தூரத்தோடு ஒரே சீராகக் கூடுவதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் விழுவது நாலு மடங்கு. 7 மீற்றரில் ஒரு சாண் விழுந்தால் 14 மீற்றரில் நாலு சாண். அதனால் 'கோழிக்கு இவ்வளவு, கடாவுக்கு அதைவிடக் கொஞ்சம் மேல' என்ற கணக்கு சரிவராது. ஒவ்வொரு தூரத்துக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்யும் விதம் இப்படி: ஒரு தூரத்தில் நின்று மேல் கவரின் நுனியை இலக்கிலேயே வைத்துப் பத்து உருண்டை அடியுங்கள். தறப்பாளில் புழுதி பட்ட இடங்களைப் பாருங்கள். அவை ஓரளவு கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கும் இலக்குக்கும் இடையில் உள்ள தூரமே நீங்கள் உயர்த்த வேண்டிய அளவு. கூட்டமே இல்லாமல் பரவிக் கிடந்தால் ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள், இப்போது குறி மாற்றுவதில் பயனில்லை.

அதை ஒரு மட்டைத் துண்டில் எழுதிப் பையில் வையுங்கள். கோழிக்கு நுனி எங்கே, பன்றிக்கு எங்கே, வான்கோழிக்கு, கடாவுக்கு. மனதில் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் போட்டியில் பன்றிக்குப் போகும்போதும் கோழிக் குறியிலேயே முதல் அடியை அடிக்கிறார்கள்.

உருவத்தில் எங்கே பார்ப்பது? கோழிக்கும் பன்றிக்கும் உடம்பின் நடு. சின்னவை, பட்டால் விழும். கடாவுக்கு நடுவைவிட மேலே, முதுகுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். பாதத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் படுகிறதோ அவ்வளவு இலகுவாகச் சரியும். காலில் பட்டால் சத்தம் மட்டும்தான் மிச்சம். வான்கோழி ஒடுங்கிய உருவம், அகலம் குறைவு, நெஞ்சில் பட்டால் விழும், வாலில் பட்டால் சுழன்று நிற்கும். துப்பாக்கிக்காரர்களில் பலரும் இதைத்தான் கடினம் என்பார்கள், நமக்கும் அப்படித்தான். பயிற்சி நேரத்தில் மற்றவற்றைவிடக் கூடுதலாக இதற்குக் கொடுங்கள்.

8. ஐந்தைந்தாக அடித்துப் பழகுங்கள்

குறி கிடைத்த பிறகு ஒற்றை அடி பழகுவதை நிறுத்துங்கள். இனி எப்போதும் ஐந்து, எப்போதும் நேரம் பார்த்து.

2 நிமிடத்தில் ஐந்து அடி என்றால் ஒன்றுக்கு 24 செக்கன். உண்மையில் இது நிறைய நேரம். ஆனால் புதியவர்கள் முதல் மூன்றையும் அரை நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிட்டு, நாலாவது தவறியதும் பதற்றத்தில் ஐந்தாவதையும் விட்டுவிடுவார்கள். இழு, பார், விடு, கையை இறக்கு, ஒரு மூச்சு, அடுத்த உருண்டை. கையை இறக்குவதை விடக்கூடாது, அது களைப்பைக் குறைக்கும், அடுத்த உருவத்துக்குக் கண்ணையும் மாற்றும். இழுத்தபடி நெடுநேரம் நின்று கை நடுங்கத் தொடங்கினால் விடாமல் தளர்த்திவிட்டு மறுபடி இழுங்கள், நேரம் இருக்கிறது.

பக்கத்தில் ஓர் ஆளை வையுங்கள். உருண்டை எங்கே போனது என்று அடித்தவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தறப்பாளில் புழுதி தெரியும். இந்த விளையாட்டில் அப்படிச் சொல்லிக்கொடுக்கும் துணை அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் எப்படிச் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். 'அண்ணை, கொஞ்சம் மேல' என்றால் எவ்வளவு மேல? உருண்டை மேலே போனது என்கிறானா, மேலே தூக்கி அடி என்கிறானா? நாங்கள் பட்ட இடத்தை மட்டும் சொல்லச் சொல்கிறோம், உருவ அளவில்: 'அரைக் கோழி கீழ பட்டது', 'ஒரு கோழி இடது பட்டது'. திருத்துவது அடிப்பவர் வேலை. அதிகம் பேசுகிற துணை வேண்டாம், நல்லாய் அடிக்கிறாய் என்று சொல்வதற்குக்கூட ஐந்து முடியும்வரை பொறுக்கலாம்.

9. போட்டி நாள்

பையில் இருக்க வேண்டியவை: கட்டிய கெற்றப்போல், மாற்று வார், கண்ணாடி, இருபதுக்கு மேல் சில உருண்டைகள், குறி எழுதிய மட்டை, பென்சில், தண்ணீர், தொப்பி. உருண்டையை ஐந்தைந்தாகச் சின்னப் பையில் கட்டிக் கொண்டுவந்தால் எண்ணத் தேவையில்லை.

கெற்றப்போலை வெயிலில் வைக்காதீர்கள். சூடேறினால் றப்பரின் இழுவை மாறும், காலையில் பார்த்த குறி பத்து மணிக்கு மாறும். நிழலில், துணியால் மூடி.

பிந்திப் போகாதீர்கள். மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கும்போது காற்று எந்தப் பக்கம், நடுவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். 'எடு' என்றால் ஆயத்தம், 'தொடங்கு' என்றால் நேரம் ஓடுகிறது, 'நிறுத்து' என்றால் இழுத்திருந்தாலும் தளர்த்திவிட வேண்டும். உருவம் நிமிர்த்த ஆள் முன்னால் போகும்போது எல்லாக் கெற்றப்போலும் தரையில். இதை மீறியவரை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

ஆயத்த 30 செக்கனில் மூன்று வேலை: மட்டையைப் பார்த்து இந்தத் தூரத்துக்கான குறியை உறுதிப்படுத்துங்கள், உருண்டையைத் தோலில் வையுங்கள், உங்கள் வரிசையின் முதல் உருவத்தை விரலால் காட்டித் துணையிடம் கேளுங்கள். பக்கத்து ஆளின் உருவத்தை விழுத்தினால் உங்களுக்குப் புள்ளி இல்லை.

முதல் அடி தவறினால் துணை சொன்ன அளவுக்கு ஒருமுறை திருத்துங்கள். ஒவ்வொரு அடிக்கும் திருத்திக்கொண்டே போனால் கைப்பிழையைக் குறிப்பிழை என்று நினைத்துத் துரத்துவதாகிவிடும்.

ஒவ்வொரு அடியும் முடிந்தவுடன் துணை தாளில் எழுதவேண்டும். விழுந்தால் சரி, விழாவிட்டால் எங்கே போனது என்று மே, கீ, இ, வ, பட்டும் விழாததற்கு ச, அதாவது சத்தம். நடுவரின் தாளில் வெறும் புள்ளி மட்டும்தான் இருக்கும், நமக்கு வேண்டியது புள்ளி இல்லை.

10. தாளைப் படித்தல்

முதல் போட்டியில் இருபதில் ஐந்தோ ஆறோ விழுந்தால் மனம் தளரத் தேவையில்லை. ஆனால் 'இன்னும் பழகவேண்டும்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எதைப் பழகுவது என்பது தாளில் இருக்கிறது. அன்று மாலையே, நினைவு இருக்கும்போதே உட்கார்ந்து பாருங்கள். மொத்தத்தைக் கூட்டாமல் இருபது கட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒவ்வொரு வகையிலும் முதல் அடி மட்டும் தவறி மற்றவை விழுந்திருந்தால் கையில் பிழை இல்லை. அந்தத் தூரத்துக்கான குறி மட்டையில் பிழையாக இருக்கிறது, இரண்டாவது அடியிலிருந்து துணை திருத்தியிருக்கிறார். ஏழாம் படியை மட்டும் திரும்பச் செய்தால் நாலு புள்ளி இனாமாக வரும்.

நாலாவதும் ஐந்தாவதும் தவறியிருந்தால் நேரம் அல்லது களைப்பு. எது என்று துணைக்குத் தெரியும்: நேரம் மிஞ்சியிருந்ததா, கை நடுங்கியதா. நேரம் மிஞ்சியிருந்தும் தவறியிருந்தால் அவசரம். கை நடுங்கியிருந்தால் வார் உங்கள் கைக்கு விறைப்பு, கொஞ்சம் ஒடுக்கமாக வெட்டிக் கட்டுங்கள், வேகம் குறையும், பரவாயில்லை, குறியைத் திரும்ப எடுத்தால் சரி.

எல்லாம் ஒரே பக்கம் போயிருந்தால், மேலோ கீழோ, முதலில் வாரைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட நீண்டிருக்கும். வார் சமமாக இருந்தால்தான் கையில் பிழை தேடவேண்டும், அநேகமாக விடும்போது விரல் ஒரு பக்கம் இழுபடும். வார், உருண்டை, இழுவை, குறி என்ற வரிசையில் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனென்றால் முதல் இரண்டையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

நேரம் போகப்போக கீ கீ கீ என்று வந்திருந்தால் களைத்து இழுவை குறைந்திருக்கலாம். துணை பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுத்திருந்தால் முதல் அடியிலும் கடைசி அடியிலும் கை வாயோரம் வந்ததா என்று தெரிந்துவிடும். கைபேசியில் இதைவிடப் பயனுள்ள வேலை போட்டி நாளில் இல்லை.

ச என்ற எழுத்து நிறைய இருந்தால் சந்தோசப்படுங்கள். அநேகமாக இடது வலது சரியாக இருக்கிறது, உயரம் மட்டும் குறைவு. கடாவில் இது அதிகம் வரும். குறியை நாலு விரல் உயர்த்தினால் அந்தச் சத்தங்கள் புள்ளியாக மாறும். புதியவர்கள் இதைத் 'துரதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் தனி எழுத்துக் கொடுத்து எழுதச் சொல்கிறேன்.

ஒரு ஒழுங்கும் இல்லாமல் எல்லா எழுத்தும் கலந்து கிடந்தால் இரண்டே காரணம்: உருண்டைகள் ஒரே அளவில்லை, அல்லது இழுவை ஒரே இடத்துக்கு வருவதில்லை. மிஞ்சிய உருண்டைகளை மட்டையின் ஓட்டையில் போட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

11. அடுத்த போட்டிக்கு முன்

தாளில் கண்டவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். வாரையும் மாற்றி, குறியையும் மாற்றி, நிற்கும் விதத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஐந்தைந்தாக நாலு தூரமும் ஒருமுறை முழுதாக அடித்து, அதே எழுத்துக்களில் எழுதி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்குப் போகும்போது வான்கோழியில் தொடங்குங்கள், கை களைக்க முன்னர். கோழியை எல்லோரும் விரும்பி அடிப்பார்கள், 'டிங்' என்று விழும், மனசுக்குச் சுகம், ஆனால் புள்ளி கூடுவது 13 மீற்றரில்தான்.

மரத்தில் இருக்கிற குருவிக்கும் அணிலுக்கும் இதை நீட்டாதீர்கள். கழகத்துக்குள் வரும் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லி, மீறினால் கெற்றப்போலைக் கழகம் எடுத்து வைக்கும் என்றும் சொல்லிவிடுங்கள்.

மழை தொடங்கினால் மைதானம் போய்விடும், ஆனால் 7 மீற்றர் கொட்டிலுக்குள்ளும் கிடைக்கும். தறப்பாளைக் கட்டிவிட்டு இழுவையைப் பழகலாம். ஐப்பசிக்கு முன்னரே ஒரு ரின் நிறைய உருண்டை காயவைத்து எடுத்துவையுங்கள், மாரியில் மண் காயாது.